கார்போஹைட்ரேட், கொழுப்பு, புரதம்: உயிர்வேதியியல் அடிப்படைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடத்தைப் படித்து முடித்த பின்னும் நெருடிக்கொண்டே இருக்கும் கேள்விகளும், ஆய்வகத்தில் சோதனை சரியாக வராதபோது எழும் கேள்விகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எல்லா விடைகளிலும் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும்: அது எந்தப் பிணைப்பு, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, அதை உடைக்கும் நொதி யாரிடம் இருக்கிறது. சூத்திரங்களை உருப்போடுவதைவிட இந்த மூன்றையும் கேட்டுப் பழகுவது அதிகம் உதவும்.

மூன்றுமே கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் சேர்ந்தவைதானே? பிறகு எதில் வேறுபடுகின்றன?

புரதத்தில் கூடுதலாக நைட்ரஜனும் பெரும்பாலும் கந்தகமும் உண்டு. அதைத் தவிர, தனிமங்களின் பட்டியலை வைத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் பிடிபடாது. அலகுகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. சர்க்கரை அலகுகளைக் கிளைக்கோசைடிக் பிணைப்பும், அமினோ அமிலங்களைப் பெப்டைடு பிணைப்பும், கிளிசராலையும் கொழுப்பு அமிலங்களையும் எஸ்டர் பிணைப்பும் சேர்க்கின்றன. மூன்றிலும் ஒரு பிணைப்பு உருவாகும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். செரிமானத்தில் ஒரு நீர் மூலக்கூறு உள்ளே நுழைந்து பிணைப்பைப் பிளக்கும். இதுவே நீராற்பகுப்பு.

கணக்குகளில் இந்த நீரை மறந்துவிடுவதுதான் வழக்கமான பிழை. குளுக்கோஸின் மூலக்கூறு நிறை 180. ஆனால் ஸ்டார்ச் சங்கிலிக்குள் இருக்கும் ஒரு குளுக்கோஸ் அலகின் நிறை 162. ஆகவே 100 கிராம் ஸ்டார்ச் முழுமையாக நீராற்பகுப்பு அடைந்தால் சுமார் 111 கிராம் குளுக்கோஸ் கிடைக்கும். கூடுதலாக வந்த 11 கிராம் நீரிலிருந்து வந்தது.

இன்னொன்று: ஸ்டார்ச்சும் புரதமும் பல்லுறுப்பிகள் (சிறு அலகுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலிகள்), கொழுப்பு அப்படியல்ல. ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டியதும் கொழுப்பு மூலக்கூறு முடிந்துவிடும். அதற்குமேல் நீளாது.

குளுக்கோஸைப் படத்தில் சில நேரம் சங்கிலியாகவும் சில நேரம் வளையமாகவும் காட்டுகிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, ஆனால் சம அளவில் இல்லை. நீரில் கரைந்த குளுக்கோஸில் ஏறக்குறைய எல்லாமே ஆறு அணு வளையமாகத்தான் இருக்கும். திறந்த சங்கிலி ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. சங்கிலியின் முதல் கார்பனில் உள்ள ஆல்டிஹைடு தொகுதியை ஐந்தாம் கார்பனின் ஹைட்ராக்சில் தாக்கும்போது வளையம் மூடுகிறது. அப்போது முதல் கார்பனில் புதிதாக உருவாகும் ஹைட்ராக்சில் கீழ்நோக்கி நின்றால் ஆல்பா, மேல்நோக்கி நின்றால் பீட்டா. அறை வெப்பநிலையில் சமநிலை வந்தபின் ஆல்பா சுமார் 36 சதவீதம், பீட்டா சுமார் 64 சதவீதம்.

திறந்த சங்கிலி இவ்வளவு குறைவு என்பதால் அதை ஒதுக்கிவிடக் கூடாது. வளையம் திறப்பதும் மூடுவதும் ஓயாமல் நடக்கிறது. சர்க்கரைகளைக் கண்டறியும் பெனடிக்ட் சோதனையில் வினைபுரிவதும், நீரிழிவு நோயாளியின் ஹீமோகுளோபினில் நொதி உதவியின்றிப் போய் ஒட்டுவதும் அந்தத் திறந்த வடிவத்தின் ஆல்டிஹைடுதான். அது செலவாகச் செலவாக வளையங்கள் திறந்து இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆனவைதானே? ஒன்று செரிக்கிறது, மற்றொன்று ஏன் செரிப்பதில்லை?

மேலே சொன்ன ஆல்பா, பீட்டா வேறுபாடு இங்கேதான் முழு உருவம் எடுக்கிறது. ஸ்டார்ச்சில் ஒரு குளுக்கோஸின் முதல் கார்பனும் அடுத்ததன் நான்காம் கார்பனும் ஆல்பா முறையில் இணைந்திருக்கின்றன. அந்தக் கோணத்தில் சங்கிலி வளைந்து, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6 குளுக்கோஸ் வீதம் சுருளாகிறது. இந்தச் சுருளை நீரும் நொதியும் எளிதாக அணுகலாம். செல்லுலோஸில் அதே கார்பன்கள் பீட்டா முறையில் இணைந்திருக்கின்றன. ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கமாக அடுக்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகி, நீர்கூட நுழைய முடியாத இழையாகின்றன.

மனித உடலில் ஸ்டார்ச்சைப் பிளக்கும் நொதியான அமைலேஸ் ஆல்பா பிணைப்பை மட்டுமே பிடிக்கும் வடிவம் கொண்டது. பீட்டா பிணைப்பைப் பிளக்கும் செல்லுலேஸ் நம்மிடம் இல்லை. ஆடு, மாடுகளிடமும் இல்லை. அவற்றின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. 'மனித உடலால் பீட்டா பிணைப்பை உடைக்கவே முடியாது' என்று பொதுமைப்படுத்திவிட வேண்டாம். பாலில் உள்ள லாக்டோஸிலும் பீட்டா பிணைப்புதான் இருக்கிறது. அதற்கென்று லாக்டேஸ் என்ற தனி நொதி சிறுகுடலில் சுரக்கிறது. வளர்ந்தபின் அது குறைந்துபோனவர்களின் பெருங்குடலில் பாக்டீரியாக்கள் லாக்டோஸை நொதிக்கவைப்பதால் வாயுவும் வயிற்றுப்போக்கும் வருகின்றன.

உடல் ஏன் குளுக்கோஸை அப்படியே சேமிக்காமல் கிளைக்கோஜனாக மாற்றுகிறது?

கிளைக்கோஜன் என்பது விலங்குகள் குளுக்கோஸைக் கிளைகிளையாகக் கோத்துச் சேமிக்கும் பெரிய மூலக்கூறு. இதற்கு முதல் காரணம் சவ்வூடு பரவல் அழுத்தம், அதாவது கரைபொருள் மிகுந்த பக்கத்துக்குச் சவ்வு வழியே நீர் இழுக்கப்படுவது. இந்த அழுத்தம் கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அவற்றின் பருமன் பொருட்டல்ல. கல்லீரல் செல்லில் கிளைக்கோஜனாக இருக்கும் குளுக்கோஸ் முழுவதும் தனித்தனியாகக் கரைந்திருந்தால் அதன் செறிவு சுமார் 0.4 மோலார். இரத்தத்தில் இருப்பதோ சுமார் 0.005 மோலார். அந்த வேறுபாட்டில் நீர் உள்ளே பாய்ந்து செல் வெடித்துவிடும். பல்லாயிரம் குளுக்கோஸ்களை ஒரே துகளாகக் கோத்துவிட்டால் அழுத்தம் மிகமிகக் குறைந்துவிடும்.

இரண்டாவது காரணம் வேகம். கிளைக்கோஜனில் 8 முதல் 12 குளுக்கோஸுக்கு ஒரு கிளை பிரிகிறது. ஸ்டார்ச்சின் கிளையுள்ள பகுதியான அமைலோபெக்டினில் 24 முதல் 30 வரை போனபின்தான் ஒரு கிளை. கிளைக்கோஜனைப் பிளக்கும் பாஸ்ஃபாரிலேஸ் நொதி கிளை நுனியிலிருந்துதான் குளுக்கோஸை எடுக்க முடியும். சுமார் 55,000 குளுக்கோஸ் கொண்ட ஒரு கிளைக்கோஜன் துகளில் ஏறத்தாழ 2,000 நுனிகள் இருப்பதால், ஒரே நேரத்தில் பல நொதிகள் வேலை செய்யலாம். ஓட வேண்டிய விலங்குக்கு இது தேவை, நின்ற இடத்திலேயே வளரும் தாவரத்துக்கு அவ்வளவு அவசரமில்லை.

வளர்ந்த ஒருவரின் கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் கிளைக்கோஜன் இருக்கும். தசையில் உள்ளதை இரத்தத்துக்குத் தர முடியாது. செல்லுக்குள் குளுக்கோஸில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டை நீக்கி அதை வெளியே விடும் குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் நொதி தசையில் இல்லை. ஆகவே பட்டினியில் இரத்தச் சர்க்கரையைக் காப்பது கல்லீரலின் பொறுப்பு. மூளை மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும் என்பதை நினைத்தால், அந்த 100 கிராம் ஏன் ஒரு நாளைக்குள் தீர்ந்துபோகிறது என்று புரியும்.

பெனடிக்ட் சோதனையில் சுக்ரோஸ் ஏன் நிறம் காட்டுவதில்லை?

இந்தச் சோதனையில் சர்க்கரையின் ஆல்டிஹைடு, தாமிர அயனியை ஒடுக்கிச் செங்கல் நிறத் தாமிர ஆக்சைடாக வீழ்படியச் செய்கிறது. அதற்கு வளையம் திறக்க வேண்டும். சுக்ரோஸில் குளுக்கோஸின் முதல் கார்பனும் ஃபிரக்டோஸின் இரண்டாம் கார்பனும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன. திறக்கக்கூடிய இரண்டு முனைகளுமே பூட்டப்பட்டுவிட்டதால் எந்த வளையமும் திறக்காது. மால்டோஸிலும் லாக்டோஸிலும் ஒரு முனை திறந்தே இருப்பதால் அவை நிறம் காட்டும். ஃபிரக்டோஸ் கீட்டோன் வகையாயிற்றே என்று கேட்கலாம். காரத்தில் அது குளுக்கோஸாகவும் மானோஸாகவும் உருமாறுவதால் அதுவும் நேர்மறையே.

சுக்ரோஸ் இருப்பதைக் காட்ட வேண்டுமானால் முதலில் அதைப் பிளக்க வேண்டும். மாதிரிக் கரைசலில் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிநீரில் 5 நிமிடம் வையுங்கள். ஆறியபின் சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாக, நுரைப்பது நிற்கும் வரை சேருங்கள். பிறகு 5 மி.லி. பெனடிக்ட் கரைசலில் இந்த மாதிரியில் 8 துளி விட்டு மறுபடி 5 நிமிடம் கொதிநீரில் வைக்க வேண்டும். பிளக்காத மாதிரி ஒன்றையும் பக்கத்திலேயே வைத்துச் சோதித்தால்தான் முடிவுக்குப் பொருள் உண்டு.

சோதனை தவறுவதற்கு முதல் காரணம் அமிலத்தைச் சரியாக நடுநிலையாக்காமல் விடுவது. பெனடிக்ட் கரைசல் காரத்தில்தான் வேலை செய்யும். அதன் ஒரு லிட்டரில் தாமிர சல்பேட் 17.3 கிராம், சோடியம் சிட்ரேட் 173 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 100 கிராம் இருக்கும். அந்தக் கார்பனேட்டை மிச்ச அமிலம் தின்றுவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். இரண்டாவது, மாதிரியை அதிகம் ஊற்றுவது. மூன்றாவது, நேர்மறை வந்தவுடன் 'குளுக்கோஸ்' என்று எழுதிவிடுவது. எந்த ஒடுக்கும் சர்க்கரையும் இதே நிறம் தரும். வைட்டமின் சி-யும் தரும்.

அயோடின் சோதனையில் வந்த கருநீலம் சூடாக்கினால் மறைவது ஏன்?

இது ஸ்டார்ச்சைக் கண்டறியும் சோதனை. அயோடைடு சேர்ந்த அயோடின் மூலக்கூறுகள் ஸ்டார்ச்சின் கிளையற்ற பகுதியான அமைலோஸ் சுருளின் உள்ளே வரிசையாக அமர்ந்தால் வருவதே அந்த நிறம். வேதிப்பிணைப்பு எதுவும் உருவாவதில்லை. சூடாக்கினால் சுருள் தளர்ந்து அயோடின் வெளியேறும்; ஆறினால் பெரும்பாலும் நிறம் திரும்பும். ஆகவே கொதிக்கவைத்த ஸ்டார்ச் கரைசலை நன்றாக ஆறவிட்ட பின்பே அயோடினை விடுங்கள். கார ஊடகத்தில் அயோடினே சிதைந்து நிறமற்றதாகிவிடுவதால், சோடியம் ஹைட்ராக்சைடு பட்ட குழாயில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. கிளைக்கோஜனில் நீண்ட சுருள் இல்லாததால் செம்பழுப்பு நிறமே வரும்.

கரைசல் தயாரிக்கும்போது 2 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் சில மி.லி. நீரில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடினைப் போட்டுக் கரைத்த பின்பே 300 மி.லி. ஆக்க வேண்டும். வெறும் நீரில் அயோடின் மிகக் குறைவாகவே கரையும்.

ஒரே நீளமுள்ள கொழுப்பு அமிலங்களில் ஒன்று திண்மமாகவும் மற்றொன்று திரவமாகவும் இருப்பது எதனால்?

18 கார்பன் கொண்ட மூன்று அமிலங்களைப் பாருங்கள். ஸ்டியரிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு இல்லை; உருகுநிலை சுமார் 69 டிகிரி செல்சியஸ். ஓலியிக் அமிலத்தில் நடுவில் ஒரு சிஸ் இரட்டைப் பிணைப்பு, அதாவது சங்கிலியின் இரு பகுதிகளும் பிணைப்பின் ஒரே பக்கம். உருகுநிலை சுமார் 13 டிகிரி. எலைடிக் அமிலத்தில் அதே இடத்தில் அதே இரட்டைப் பிணைப்பு, ஆனால் டிரான்ஸ், அதாவது இரு பகுதிகளும் எதிரெதிர்ப் பக்கம்; உருகுநிலை சுமார் 44 டிகிரி. ஓலியிக், எலைடிக் இரண்டின் மூலக்கூறு வாய்பாடும் ஒன்றே.

சிஸ் பிணைப்பில் சங்கிலி மடங்குகிறது. மடங்கிய சங்கிலிகள் நெருங்கி அடுக்க முடியாததால் குறைந்த வெப்பத்திலேயே பிரிந்து திரவமாகின்றன. டிரான்ஸ் பிணைப்பில் சங்கிலி ஏறத்தாழ நேராகவே போகும். எனவே நிறைவுற்ற அமிலம் போல இறுகும். தாவர எண்ணெயை நிக்கல் வினையூக்கியின் மேல் பகுதியளவு ஹைட்ரஜனேற்றம் செய்யும்போது, சில இரட்டைப் பிணைப்புகள் ஹைட்ரஜன் ஏறாமலே சிஸ்ஸிலிருந்து டிரான்ஸாகத் திரும்பிவிடுகின்றன. தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு இப்படித்தான் உருவாகிறது. இதயநோயோடு அதற்குள்ள தொடர்பு உறுதியானது. உணவிலிருந்து அதை அகற்றும்படி உலக சுகாதார அமைப்பு 2018-இல் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது.

செல் சவ்விலும் இதே விதிதான். குளிரில் வாழும் மீன்களும் பாக்டீரியாக்களும் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைக் கூட்டிக்கொண்டு, சவ்வு விறைக்காமல் பார்த்துக்கொள்கின்றன.

1 கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, மற்ற இரண்டில் 4 மட்டும். ஏன் இந்த இடைவெளி?

எரிப்பது என்றால் கார்பனை ஆக்சிஜனோடு சேர்ப்பது. குளுக்கோஸில் 6 கார்பனுக்கு 6 ஆக்சிஜன் ஏற்கனவே ஒட்டியிருக்கிறது. அது பாதி எரிந்த நிலையில் இருக்கிறது. பால்மிடிக் அமிலத்தில் 16 கார்பனுக்கு வெறும் 2 ஆக்சிஜன். ஒரு மூலக்கூறு பால்மிடிக் அமிலம் முழுதும் எரிய 23 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். 16 கார்பன் டை ஆக்சைடு வரும். 16-ஐ 23-ஆல் வகுத்தால் 0.7. குளுக்கோஸுக்கு 6-ஐ 6-ஆல் வகுத்தால் 1. மூச்சுவாயுவை அளந்தே உடல் அந்நேரம் எதை அதிகம் எரிக்கிறது என்று கணிப்பது இந்த விகிதத்தை வைத்துத்தான்.

செல் ஆற்றலைச் செலவிடப் பயன்படுத்தும் மூலக்கூறான ஏ.டி.பி. கணக்கிலும் இது தெரியும். பால்மிடிக் அமிலம், சங்கிலியை இரண்டிரண்டு கார்பனாக வெட்டும் பீட்டா ஆக்சிஜனேற்றத்தின் 7 சுற்றுகளில், 2 கார்பன் ஏந்திய 8 அசிட்டைல் கோ-ஏ தருகிறது. சிட்ரிக் அமில சுழற்சியில் அவை ஒவ்வொன்றுக்கும் 10 வீதம் 80 ஏ.டி.பி. 7 சுற்றுகளிலிருந்து, எலக்ட்ரான்களை ஏந்திச் செல்லும் மூலக்கூறுகளான என்.ஏ.டி.எச். வழியாக 17.5, எஃப்.ஏ.டி.எச்-2 வழியாக 10.5. மொத்தம் 108. தொடக்கத்தில் கொழுப்பு அமிலத்தைத் தூண்ட 2 செலவு. நிகரம் 106. ஒரு கிராமுக்குக் கணக்கிட்டால் குளுக்கோஸைவிட ஏறத்தாழ 2.3 மடங்கு.

சேமிப்பில் இடைவெளி இன்னும் பெரிது. கொழுப்பு நீரின்றிச் சேரும். கிளைக்கோஜன் தன் எடையைப் போல 2 மடங்குக்குக் குறையாத நீரையும் கூடவே வைத்துக்கொள்ளும். 10 கிலோ கொழுப்பில் 90,000 கிலோகலோரி. அதையே கிளைக்கோஜனாக வைத்தால் உலர்ந்த எடை 22.5 கிலோ, நீரோடு 67 கிலோவுக்கு மேல். பறக்கும் பறவை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

புரதத்துக்கு வரும் 4 என்ற எண்ணில் ஒரு கழிவு இருக்கிறது. கலோரிமானியில் எரித்தால் புரதம் சுமார் 5.6 கிலோகலோரி தரும். உடலில் நைட்ரஜன் முழுதும் எரியாமல் யூரியாவாகப் போய்விடுவதால் அந்த ஆற்றலில் ஒரு பகுதி சிறுநீரோடு போகிறது.

ஒரு குளுக்கோஸிலிருந்து 38 ஏ.டி.பி. என்று சில நூல்கள், 32 என்று சில. எதை எழுதுவது?

இன்று ஏற்கப்பட்டது 30 முதல் 32. பழைய கணக்கு ஒரு என்.ஏ.டி.எச்-க்கு 3, ஒரு எஃப்.ஏ.டி.எச்-2-க்கு 2 என்று முழு எண்களாக எடுத்தது. உண்மையில் ஒரு என்.ஏ.டி.எச். மைட்டோகாண்ட்ரியா சவ்வுக்கு வெளியே 10 புரோட்டான்களைத் தள்ளுகிறது, ஒரு ஏ.டி.பி. செய்து வெளியே அனுப்ப 4 புரோட்டான்கள் தேவை. 10-ஐ 4-ஆல் வகுத்தால் 2.5. எஃப்.ஏ.டி.எச்-2-க்கு 6 புரோட்டான்கள் என்பதால் 1.5. குளுக்கோஸை இரண்டு பைருவேட்டாகப் பிளக்கும் கிளைக்காலிசிஸில் உருவான 2 என்.ஏ.டி.எச். எந்த வழியாக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகின்றன என்பதைப் பொறுத்து 30 அல்லது 32 ஆகும். தேர்வு எழுதுபவர்கள் தங்கள் பாடநூலின் எண்ணை எழுதி, எந்த அடிப்படையில் என்பதை ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

சர்க்கரை கொழுப்பாக மாறுகிறது. கொழுப்பு ஏன் சர்க்கரையாக மாறுவதில்லை?

குளுக்கோஸ் பிளந்து வரும் 3 கார்பன் பைருவேட்டை அசிட்டைல் கோ-ஏ ஆக்கும் வினை ஒருவழிப் பாதை. ஒரு கார்பன், கார்பன் டை ஆக்சைடாகப் போனபின் விலங்குகளால் அதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. சரி, அசிட்டைல் கோ-ஏ சிட்ரிக் அமில சுழற்சிக்குள் போய் ஆக்சலோஅசிட்டேட்டாகி, அங்கிருந்து குளுக்கோஸ் ஆகலாமே என்றால், கணக்கு இடிக்கிறது. உள்ளே 2 கார்பன் வருகிறது. ஆக்சலோஅசிட்டேட்டை அடைவதற்குள் 2 கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது. நிகர வரவு பூஜ்யம்.

தாவரங்களும் பல பாக்டீரியாக்களும் இதற்குக் குறுக்குவழி வைத்திருக்கின்றன. ஐசோசிட்ரேட் லையேஸ், மாலேட் சின்தேஸ் என்ற இரு நொதிகளால் கார்பன் இழக்கும் இரு படிகளையும் தாண்டிவிடும் கிளையாக்சைலேட் சுழற்சி அது. முளைக்கும் எண்ணெய் வித்து, இலை விடும் வரை தன் எண்ணெயைச் சர்க்கரையாக்கி வாழ்வது இதனால்தான்.

விலங்கிலும் ஒரு சிறு விலக்கு உண்டு. கொழுப்பின் கிளிசரால் பகுதி குளுக்கோஸாக மாறும். ஆனால் அது கொழுப்பின் எடையில் பத்தில் ஒரு பங்குதான். நீண்ட பட்டினியில் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளைச் செய்து மூளைக்கு அனுப்புவதும், தசைப் புரதம் கரைந்து அமினோ அமிலங்கள் குளுக்கோஸாவதும் இந்தத் தடையின் விளைவுகள்.

எண்ணெயில் சிக்கு வாடை வருவது எதனால்?

இரண்டு வழிகள். ஒன்று, ஈரமும் லைபேஸ் நொதியும் சேர்ந்து எஸ்டர் பிணைப்பைப் பிளந்து கொழுப்பு அமிலங்களை விடுவிப்பது. பால் கொழுப்பில் குட்டையான பியூட்டிரிக் அமிலம் விடுபடுவதால் வாடை உடனே தெரியும். மற்றொன்று ஆக்சிஜனேற்றம். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிய கார்பனின் ஹைட்ரஜன் எளிதில் கழலும். அங்கே தனி உறுப்பு (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துணுக்கு) உருவாகி, ஆக்சிஜனைப் பிடித்து, பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனையும் பறித்து, தொடர்வினையாகப் பரவும். வெளிச்சம், வெப்பம், இரும்பு அல்லது தாமிரத் துணுக்கு ஆகியவை இதைத் தூண்டும். நிரம்பிய, இறுக மூடிய, ஒளி புகாத கலத்தில் எண்ணெய் அதிக நாள் நிற்பதற்கும், பழைய எண்ணெயின் மிச்சத்தில் புதியதை ஊற்றினால் புதியதும் சீக்கிரம் கெடுவதற்கும் காரணம் இதுவே. வைட்டமின் ஈ அந்தத் தொடரை அறுக்கும்.

புரதத்தின் வடிவத்தை எது தீர்மானிக்கிறது?

அமினோ அமில வரிசை. ஆனால் வரிசையிலிருந்து வடிவம் வர, பெப்டைடு பிணைப்பின் ஒரு தன்மை முக்கியம். அந்தக் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு பாதி இரட்டைப் பிணைப்புபோல நடந்துகொள்கிறது, சுழலாது, சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் நிற்கும். சுழற்சி அதன் இருபுறமும் உள்ள பிணைப்புகளில் மட்டுமே. அங்கும் அணுக்கள் இடித்துக்கொள்வதால் எல்லாக் கோணங்களும் சாத்தியமில்லை. எந்தக் கோணங்கள் சாத்தியம் என்பதை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் வரைபடமாக்கினார்கள். புதிதாகத் தீர்க்கப்படும் புரதக் கட்டமைப்பு சரியா என்று பார்க்க இன்றும் ராமச்சந்திரன் வரைபடம் பயன்படுகிறது. அனுமதிக்கப்பட்ட கோணங்களில் ஒரு தொகுதி ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம் கொண்ட ஆல்பா சுருளைத் தரும். இன்னொன்று பீட்டா தகட்டைத் தரும்.

பிறகு பக்கச் சங்கிலிகள். நீரை வெறுப்பவை உள்ளே ஒதுங்கும், நீரை விரும்புபவை வெளியே நிற்கும். ஒரே ஒரு மாற்றம் என்ன செய்யும் என்பதற்கு அரிவாள் செல் சோகை சான்று. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றில் 6-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்தால், புரதத்தின் புறப்பரப்பில் நீரை வெறுக்கும் ஒட்டுப்புள்ளி ஒன்று உருவாகிறது. ஆக்சிஜன் குறையும்போது மூலக்கூறுகள் அங்கே ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, சிவப்பணுவையே வளைத்துவிடுகின்றன.

வெந்த முட்டை ஏன் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும்: வேகும்போது பெப்டைடு பிணைப்பு உடைவதில்லை. வரிசை அப்படியே இருக்கிறது. மடிப்பு மட்டும் குலைகிறது. வெள்ளைக்கருவில் ஓவோடிரான்ஸ்ஃபெரின் 61 டிகிரி அருகிலும், அதிகம் உள்ள ஓவால்புமின் 80 டிகிரி அருகிலும் இப்படி மடிப்புக் குலைந்து இயல்பு திரிகின்றன.

இயல்பு திரிந்த புரதம் திரும்பவே திரும்பாது என்பதும் சரியல்ல. கிறிஸ்டியன் அன்ஃபின்சென் 124 அமினோ அமிலம் கொண்ட ரைபோநியூக்ளியேஸை 8 மோலார் யூரியாவாலும், சங்கிலியின் பகுதிகளைக் கட்டும் கந்தகப் பாலங்களை அறுக்கும் மெர்காப்டோஎத்தனாலாலும் முழுதும் விரித்தார். இரண்டையும் மெல்ல நீக்கியதும் அது தானே மடிந்து வேலைத்திறனை மீட்டது. 1972-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். யூரியா இருக்கும்போதே கந்தகப் பாலங்களை உருவாகவிட்டால், சாத்தியமான 105 சேர்க்கைகளில் கண்டபடி இணைந்து, திறன் ஏறத்தாழ 1 சதவீதமே வந்தது. வரிசையில்தான் வடிவத்துக்கான தகவல் இருக்கிறது, ஆனால் மடிவதற்கு ஏற்ற சூழலும் வேண்டும் என்பதை இந்த இரண்டாவது முடிவு இன்னும் அழுத்தமாகக் காட்டுகிறது.

முட்டையில் அந்தச் சூழல் இல்லை. வெள்ளைக்கருவில் சுமார் 10 சதவீதம் புரதம், நெருக்கம் அதிகம். விரிந்த சங்கிலிகள் தம்மைத் தாமே மடித்துக்கொள்ளும் முன் அடுத்த சங்கிலியோடு ஒட்டிப் பின்னிவிடுகின்றன. கந்தகப் பாலங்களும் இடம் மாறி அந்தப் பின்னலைப் பூட்டுகின்றன.

பையூரெட் சோதனையில் ஊதாவுக்குப் பதில் நீலமே வருகிறது. என்ன பிழை?

இது புரதத்தைக் கண்டறியும் சோதனை. நீலம் வந்தால் பெரும்பாலும் தாமிர சல்பேட் அதிகமாகிவிட்டது. 2 மி.லி. மாதிரி, 2 மி.லி. 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு; கலக்கிய பின் 1 சதவீத தாமிர சல்பேட்டைத் துளித்துளியாக 2 முதல் 5 துளி வரை விட்டு, ஒவ்வொரு துளிக்கும் குலுக்குங்கள். அதிகமானால் தாமிர ஹைட்ராக்சைடின் நீல வீழ்படிவு ஊதாவை மறைத்துவிடும். சூடாக்கத் தேவையில்லை, சூடாக்கினால் ஒடுக்கும் சர்க்கரை உள்ள மாதிரி பெனடிக்ட் போல வேறு நிறத்துக்குப் போகும். அம்மோனியம் சல்பேட்டால் பிரித்தெடுத்த புரதத்தில் அம்மோனியா தாமிரத்தோடு சேர்ந்து அடர் நீலம் தரும். முதலில் டயாலிசிஸ் செய்து (சிறு மூலக்கூறுகளை மட்டும் விடும் சவ்வு வழியே) உப்பை நீக்க வேண்டும்.

மாதிரியில் தனி அமினோ அமிலம் மட்டும் இருந்தாலும் ஊதா வராது, ஏனெனில் இந்தச் சோதனை பார்ப்பது அடுத்தடுத்த பெப்டைடு பிணைப்புகளை. தனி அமினோ அமிலத்துக்கு நின்ஹைட்ரின் என்ற வினைப்பொருளைப் பயன்படுத்துங்கள். அது ஊதா தரும். புரோலினுக்கு மட்டும் மஞ்சள்.

நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கினால் புரதம் என்கிறார்கள். எவ்வளவு நம்பலாம்?

புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன். 100-ஐ 16-ஆல் வகுத்தால் 6.25. 1883-இல் ஜோஹான் கெல்டால் உருவாக்கிய முறையில் மாதிரியைச் செறிந்த சல்ஃபூரிக் அமிலத்தில் சிதைத்து, நைட்ரஜனை அம்மோனியாவாக வடித்து அளக்கிறார்கள். பாலுக்கு 6.38, கோதுமைக்கு 5.70 என்று காரணி மாறும். எந்தக் காரணி என்று குறிப்பிடாத அறிக்கை முழுமையானதல்ல.

பெரிய குறை, நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்த முறைக்குத் தெரியாது. பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் மெலமின் என்ற வேதிப்பொருளில் எடையில் சுமார் 67 சதவீதம் நைட்ரஜன். 6.25-ஆல் பெருக்கினால் 1 கிராம் மெலமின் 4 கிராமுக்கு மேற்பட்ட புரதமாகக் கணக்கில் ஏறும். 2008-இல் சீனாவில் நீர் கலந்த பாலில் மெலமின் சேர்த்து இந்தச் சோதனையை ஏமாற்றினார்கள். சிறுநீரகக் கற்கள் உருவாகிக் குழந்தைகள் இறந்தனர். ஒரு சோதனை உண்மையில் எதை அளக்கிறது என்று கேட்காமல் விடுவதன் விலை அது.

அதிகமாக உண்ட புரதம் எங்கே சேமிக்கப்படுகிறது?

எங்கும் இல்லை. கிளைக்கோஜனுக்கும் கொழுப்புக்கும் சேமிப்பிடம் இருப்பதுபோலப் புரதத்துக்குக் கிடையாது. உடலில் உள்ள ஒவ்வொரு புரதமும் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறது. மிகுந்த அமினோ அமிலங்களிலிருந்து அமினோ தொகுதி கழற்றப்படும். மிஞ்சிய கார்பன் சட்டம் ஆற்றலுக்கோ, குளுக்கோஸுக்கோ, கொழுப்புக்கோ போகும். கழன்ற நைட்ரஜன் நச்சான அம்மோனியாவாக நிற்காமல் கல்லீரலில் யூரியாவாகிறது. இந்தச் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்சலைட்டும் 1932-இல் கண்டறிந்தார்கள். 100 கிராம் புரதம் முழுதும் சிதைந்தால் சுமார் 34 கிராம் யூரியா வரும். அதைக் கரைத்து வெளியேற்ற நீர் வேண்டும் என்பதால்தான் பறவைகளும் ஊர்வனவும் கரையாத யூரிக் அமிலத்தைத் தேர்ந்தன. நீரில் வாழும் மீன்களில் பெரும்பாலானவை அம்மோனியாவை நேராகவே விட்டுவிடுகின்றன.

உமிழ்நீர் அமைலேஸ் சோதனை ஒவ்வொரு முறையும் வேறு நேரம் காட்டுகிறது. எப்படிச் சீராக்குவது?

உமிழ்நீரின் அமைலேஸ் ஸ்டார்ச்சைப் பிளந்து முடித்து, அயோடினில் கருநீலம் வராமல் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே இதில் அளக்கப்படுவது. 1 சதவீத ஸ்டார்ச் கரைசலையும் நீர்த்த உமிழ்நீரையும் தனித்தனியே 37 டிகிரி நீர்த்தொட்டியில் 5 நிமிடம் வைத்த பின்பே கலக்குங்கள். குளிர்ந்த கரைசல்களைக் கலந்து பிறகு சூடாக்கினால் முதல் சில நிமிடங்கள் எந்த வெப்பநிலையில் நடந்தன என்றே தெரியாது. உமிழ்நீரைக் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் நீர்க்கச் செய்தால் வினை மந்தமாகும். இந்த அமைலேஸுக்குக் குளோரைடு அயனி தேவை. 0.5 சதவீத சோடியம் குளோரைடு கரைசலில் நீர்க்கச் செய்து, பி.எச். 6.8 தாங்கல் கரைசல் (பி.எச். மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) சேருங்கள். 30 விநாடிக்கு ஒரு துளி எடுத்து, குழித்தட்டில் உள்ள அயோடினில் விடுங்கள். முதல் துளியிலேயே நிறம் வராவிட்டால் நொதி அதிகம். உமிழ்நீரை இன்னும் 10 மடங்கு நீர்க்கச் செய்து மீண்டும் தொடங்குங்கள்.

கொதிக்கவைத்த உமிழ்நீருடன் ஒரு கட்டுப்பாட்டுக் குழாய் கட்டாயம். பனிக்கட்டியில் வைத்த குழாயையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் கருநீலம் நிற்கும். பிறகு இரண்டையும் 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் குளிர்ந்தது வேலை செய்யத் தொடங்கும், கொதித்தது தொடங்காது. குளிர் நொதியை மந்தமாக்குகிறது, வெப்பம் அதன் மடிப்பைக் குலைக்கிறது என்பது இந்த இரு குழாய்களிலேயே தெரிந்துவிடும்.

தெரியாத மாதிரியில் மூன்றையும் சோதிக்க எந்த வரிசை நல்லது?

மாதிரியை முதலிலேயே நான்கு குழாய்களாகப் பிரித்துவிடுங்கள். ஒரே குழாயில் அடுத்தடுத்துச் செய்தால் ஒரு வினைப்பொருள் அடுத்ததைக் கெடுக்கும். குளிர்ந்த மாதிரியில் அயோடின், அடுத்ததில் பெனடிக்ட், மூன்றாவதில் பையூரெட், நான்காவதில் கொழுப்பு. பெனடிக்ட் எதிர்மறையானால் மட்டும் அமிலத்தில் பிளந்து மறுபடி பாருங்கள். கொழுப்புக்கு உலர்ந்த குழாயில் மாதிரியை எத்தனாலில் நன்றாகக் குலுக்கி, அடியில் படிய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் நீரில் ஊற்றுங்கள். பால்போல வெண்மை வந்தால் கொழுப்பு உண்டு. படிவையும் சேர்த்து ஊற்றினால் வரும் கலங்கலை வெண்மை என்று எண்ணி ஏமாறக்கூடும். ஒவ்வொரு சோதனைக்கும் வெறும் நீர் ஒன்று, நிச்சயம் நேர்மறை தரும் கரைசல் ஒன்று என இரண்டு ஒப்பீட்டுக் குழாய்கள் வேண்டும். அந்த நேர்மறைக் குழாயில் நிறம் வரவில்லையென்றால் பழுது வினைப்பொருளில்தான். மாதிரியின் முடிவைப் பதிவு செய்யாதீர்கள்.